தெர்மல் குக்கர்: பானை நிறையச் சமைப்பவர்களுக்கு மட்டும்

தெர்மல் குக்கர் என்ற பெயரில் விற்பது ஒரு பாத்திரமல்ல, இரண்டு. உள்ளே, அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைக்கிற ஸ்டீல் பானை. வெளியே, இரட்டைச் சுவரும் நடுவே வெற்றிடமும் கொண்ட பெரிய கூடு. உள்பானையில் நன்றாகக் கொதி வந்ததும் மூடியோடு தூக்கிக் கூட்டுக்குள் இறக்கி, மேல்மூடியைப் போட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பிறகு தீயும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஏற்கெனவே ஏற்றிய சூட்டிலேயே மீதி வேகிறது.

3 லிட்டரிலிருந்து 6 லிட்டர் வரையிலான இந்த வகைக் குக்கர்களைப் பற்றியது இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பானையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பிச் சமைக்கிற வீட்டில், ஒரு மணி நேரத்துக்கு மேல் சிம்மில் கிடக்கும் சமையல் வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கும் என்றால், இது நல்ல பொருள். இரண்டு பேருக்கு ஒரு கப் பருப்பு வேகவைக்க வாங்கினால் எரிபொருளும் பெரிதாக மிஞ்சாது, பருப்பும் சரியாக வேகாது.

யோசனை ஒன்றும் புதிதில்லை. 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே நார்வேக்காரர்கள் கம்பளி அடைத்த சமையல் பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டனில் வைக்கோல் பெட்டிக்குள் பானையை வைத்துச் சமைத்தார்கள். விஞ்ஞானி ஜேம்ஸ் டுவார் 1892இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவை அந்த வைக்கோலின் வேலையை எடுத்துக்கொண்டது. இன்றைய தெர்மல் குக்கர் இந்த இரண்டும் சேர்ந்த ஒன்று.

எவ்வளவு மிச்சமாகிறது?

விளம்பரங்கள் சொல்லும் சதவீதங்களை நம்ப வேண்டாம். கணக்கைப் போட்டே பார்க்கலாம். 3 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 940 கிலோஜூல் வேண்டும், அதாவது 0.26 யூனிட். கேஸ் அடுப்பில் எரிகிற சூட்டில் பாதிதான் பானைக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்தால், 41 கிராம் எல்பிஜி செலவாகும். இந்தச் செலவை எந்தப் பாத்திரமும் தவிர்க்க முடியாது. தெர்மல் குக்கரும் அப்படித்தான்.

மிச்சம் வருவது கொதித்த பிறகு. மூடிய 4 லிட்டர் பானையைக் கொதிநிலையிலேயே நிறுத்திவைக்க, சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் போகிற 150 முதல் 250 வாட் வரையிலான சூட்டை அடுப்பு ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூடியைத் திறந்துவிட்டால் கதையே வேறு: மணிக்கு அரை லிட்டர் ஆவியானால் அதற்கு மட்டும் 300 வாட்டுக்கு மேல் போய்விடும். நிறைய நிரப்பிய நல்ல தெர்மல் குக்கரில் மொத்த இழப்பே 20, 25 வாட்தான்.

ஊறவைத்த கொண்டைக்கடலையைச் சாதாரணப் பானையில் ஒன்றரை மணி நேரம் சிம்மில் வேகவைப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பர்னர் சிம்மில் அரை கிலோவாட் எரித்தால் 59 கிராம் எல்பிஜி. கொதிக்கவைத்த 41ஐயும் சேர்த்தால் 100 கிராம். இதையே தெர்மல் குக்கரில் செய்தால் கொதிக்கவைக்க 41, கொதி வந்தபின் கால் மணி நேரம் சிம்மில் 10, ஆக 51 கிராம். பாதிக்குப் பாதி மிச்சம். இதே கணக்கைப் பருப்புக்குப் போட்டால் கதை மாறிவிடும். 25 நிமிடத்தில் வெந்துவிடுகிற உடைத்த பருப்பில் மிச்சமாவது 13 கிராம்தான்.

இனி, விற்பவர்கள் பேசாத ஒப்பீடு. அதே கொண்டைக்கடலையைப் பிரஷர் குக்கரில் பாதித் தண்ணீரில் வேகவைத்தால், அழுத்தம் ஏற 25 கிராம், 20 நிமிடம் சிம்மில் 13 கிராம், மொத்தம் 40 கிராமுக்குள் முடிந்துவிடும். பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. தண்ணீரும் குறைவாகவே போதும். தெர்மல் குக்கருக்கோ தண்ணீர்தான் சூட்டுக் களஞ்சியம், அதைக் குறைக்க முடியாது. ஆகவே வீட்டில் நல்ல பிரஷர் குக்கர் இருந்து, பயறு வகைகளுக்காக மட்டும் இதை வாங்க நினைத்தால், வாங்காதீர்கள். எலும்புச் சாறு, கெட்டியான சூப், கஞ்சி, நிறைய நீரில் மெல்ல வேக வேண்டிய இறைச்சி, முழுத் தானியங்கள் ஆகியவற்றில்தான் இது முன்னால் நிற்கிறது. யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்பது தனி லாபம்.

மின்சார ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு வேறு மாதிரி. 150 வாட்டில் 8 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட் ஆகிறது. அதே அளவு சமையலை இண்டக்ஷனில் கொதிக்கவைத்துத் தெர்மல் குக்கருக்கு மாற்றினால் 0.4 யூனிட்டுக்குள் அடங்கும். ரைஸ் குக்கரின் ‘கீப் வார்ம்’ விளக்கை எரியவிடும் பழக்கமும் சும்மா இல்லை. அது 40 வாட் என்றால், 6 மணி நேரத்தில் போகிற 0.24 யூனிட்டில் கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம்.

பாத்திரம் செய்யவே ஆன கரிமச் செலவும் உண்டு. மொத்தம் 3 கிலோ எடை, ஒரு கிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 5 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 15 கிலோ. ஒரு கிலோ எல்பிஜி எரித்தால் ஏறக்குறைய 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்பதால், மேலே சொன்ன நீண்ட சமையல் ஒவ்வொன்றிலும் 150 கிராம் வரை தவிர்க்கிறோம். அதாவது 100 தடவை சமைத்த பிறகுதான் பூமிக்கு லாபம் தொடங்குகிறது. வாரம் இரண்டு என்றால் ஒரு வருடம். மாதம் இரண்டு என்றால் நான்கு வருடம்.

நிரப்பினால்தான் வேலை செய்யும்

இந்தப் பொருளைப் பற்றி வரும் புகார்களில் முக்கால்வாசி இந்த ஒரே விஷயத்தில் முடியும். பெட்டியில் “6 மணி நேரத்துக்குப் பிறகும் 70 டிகிரிக்கு மேல்” என்று போட்டிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த அளவீடு எடுப்பது கழுத்துவரை வெந்நீர் நிரப்பி, 20 டிகிரி அறையில் வைத்து.

உள்ளே இருக்கும் சூடு உணவின் எடையைப் பொறுத்தது. வெளியே போகும் சூடு பாத்திரத்தின் பரப்பைப் பொறுத்தது. பாதி நிரப்பினால் சூட்டின் கையிருப்பு பாதியாகிறது, இழப்போ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. 98 டிகிரியில் மூடிய நிறை பானை 6 மணி நேரம் கழித்து 72இல் நிற்கும் என்றால், அதே குக்கரில் பாதிப் பானை 5 மணி நேரத்துக்குள்ளேயே 60ஐத் தொட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பினால் மூன்றே கால் மணி நேரம். இதனால், “கொஞ்சம் பெரிதாகவே வாங்கி வைப்போம்” என்று யோசிப்பது இந்தப் பொருளில் தவறு. நீங்கள் அடிக்கடி சமைக்கும் அளவுக்கு மேல் கால் பங்குதான் காலி இருக்க வேண்டும். 3 லிட்டர் சமைப்பவருக்கு 4 லிட்டர் குக்கர் சரி. 6 லிட்டர் தப்பு.

சில மாடல்களில் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும்படி இரண்டு உள்பானை வருகிறது. கீழே சூப், மேலே சாதம். குறைவாகச் சமைக்கும் நாட்களில் இது கைகொடுக்கும். மேல் பானையில் வெறும் கொதிநீரை ஊற்றி வைத்தாலும் போதும், அது கீழே உள்ளதன் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும்.

செய்முறை

உள்பானையில் எல்லாவற்றையும் போட்டு, மூடி போட்டே கொதிக்கவிடுங்கள். தண்ணீரை மின்கெட்டிலில் கொதிக்கவைத்து ஊற்றினால் கேஸ் அடுப்பைவிடச் சூடு குறைவாக வீணாகும். கேஸ் என்றால் சுடர் பானையின் அடிப்பகுதிக்கு வெளியே வழியக் கூடாது.

கொதி வந்த உடனே தூக்கி வைப்பதுதான் புதிதாக வாங்குபவர்கள் செய்கிற முதல் தவறு. நீர் கொதித்தாலும் உருளைக்கிழங்குத் துண்டின் நடு இன்னும் சூடேறியிருக்காது. கூட்டுக்குள் போனதும் அந்த நடு, சுற்றியுள்ள நீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் கொதி வந்தபின் அடுப்பிலேயே சில நிமிடம் விடுகிறோம். வெள்ளரிசிக்கு 3 முதல் 5 நிமிடம், பிறகு கூட்டில் 40 நிமிடம். தவிடு நீக்காத அரிசிக்கு 10 நிமிடம், கூட்டில் 2 மணி நேரம். உடைத்த பருப்புக்கு 5 நிமிடம், கூட்டில் ஒன்றேகால் மணி நேரம். 8 மணி நேரம் ஊறிய கொண்டைக்கடலைக்கு 15 நிமிடமும் 4 மணி நேரமும். பெரிய இறைச்சித் துண்டுகளுக்கும் எலும்புக்கும் 20 நிமிடம், பிறகு 4 மணி நேரம். அப்புறம் திறந்து மறுபடி ஒரு கொதி விட்டு, இன்னொரு 2 மணி நேரம்.

இந்த எண்கள் முக்கால் பானைக்கு. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏற ஏறக் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி இறங்கும். 1,500 மீட்டரில் இருப்பவர்கள் 95 டிகிரியிலிருந்தே தொடங்குகிறார்கள். அங்கே அடுப்பில் விடும் நேரத்தைப் பாதி கூட்டிக்கொள்ள வேண்டும்.

உள்பானை கொதிக்கிற நேரத்தில் வெளிக்கூட்டில் ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். பானையை இறக்கும் முன் கொட்டிவிடலாம். குளிர்காலத்தில் இது தொடக்கச் சூட்டை ஓரிரு டிகிரி காப்பாற்றும். வெயில் காலத்தில் தேவையில்லை. வடித்த நீரை வீணாக்காமல் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் அளவு வேறு. ஆவி வெளியேறாததால், வழக்கமாக ஊற்றுவதில் கால் பங்கைக் குறைக்க வேண்டும். சாதம் குழைந்துவிட்டது என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே.

கடைசியில் சேர்க்கும் பொருளில் கவனம் தேவை. 2 லிட்டர் கொதிநீரில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 5 டிகிரிக் காய்கறி அரை கிலோவைக் கொட்டி உடனே மூடுகிறீர்கள் என்று வையுங்கள். கலந்த பிறகு மொத்தச் சூடு 82 டிகிரிதான் இருக்கும். காய்கறியின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் 85 டிகிரிக்குக் கீழே சரியாக இளகாது. மாவுச்சத்து அதைவிடக் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும். எனவே 4 மணி நேரம் கழித்துத் திறந்தால் சூப் கெட்டியாக இருக்கும், கேரட்டைக் கடித்தால் நறுக்கென்று இருக்கும். காய்கறி போட்ட பிறகு மறுபடி கொதி வந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது.

கொண்டைக்கடலை எத்தனை மணி நேரம் ஆனாலும் கல்லாகவே இருக்கிறது என்றால், பெரும்பாலும் குக்கர் குற்றவாளியில்லை. தக்காளி, எலுமிச்சை, புளி போன்ற புளிப்பு எதையும் வேகும் முன் சேர்த்தால் பெக்டின் இறுகிவிடும். கடின நீரில் உள்ள கால்சியமும் அதையே செய்யும். ஊறவைக்கும் நீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போட்டால் தோல் இளகும். ரொம்பக் கடினமான நீராக இருந்தால் கால் தேக்கரண்டி சமையல் சோடா. அதற்கு மேல் போட்டால் சவர்க்கார வாடை வரும்.

எங்கே ஆபத்து

இது சுவை பற்றிய விஷயமல்ல, கவனமாகப் படியுங்கள். ராஜ்மா எனப்படும் சிவப்புப் பீன்ஸில் ஃபைட்டோஹீமாகுளூட்டினின் என்ற நச்சுப் புரதம் (லெக்டின் வகை) இருக்கிறது. வேகாத நாலைந்து விதை போதும், சில மணி நேரத்தில் கடும் வாந்தி, பேதி. 80 டிகிரியில் அரைகுறையாகச் சூடாக்கினால் நச்சு குறைவதற்குப் பதில், பச்சையில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடலாம். தெர்மல் குக்கர் பெரும்பாலான நேரம் நிற்பது சரியாக அந்தச் சூட்டில்தான். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் கொதிக்கவைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். தளதளவென்று கொதிக்க வேண்டும், சிம் போதாது. அரை மணி நேரக் கொதியிலேயே எரிபொருள் மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. ராஜ்மாவுக்குப் பிரஷர் குக்கர்தான் சரி என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று 60 டிகிரிக் கோடு. அதற்குக் கீழே இறங்கினால், கொதியைத் தாங்கி நின்ற வித்துகள் முளைத்துப் பாக்டீரியா பெருக ஆரம்பிக்கும். இறைச்சிச் சாற்றில் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ், சோற்றில் பேசில்லஸ் சீரியஸ். பின்னது உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. இரவு ஏற்றிவிட்டுக் காலையில் எடுக்கலாம் என்று சில விளக்கப் புத்தகங்களில் இருக்கிறது. 10 மணி நேரம் கழித்து 60க்கு மேல் நிற்பது, பெரிய குக்கரை முழுக்க நிரப்பினால் மட்டுமே சாத்தியம். 6 மணி நேரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பானைக்கு 4.

ஒரு சமையல் வெப்பமானி இல்லாமல் இந்தக் குக்கரை வாங்கவே வேண்டாம். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வகை போதும். ஐஸ் மிதக்கும் நீரில் வைத்தால் 0 காட்ட வேண்டும். 2 டிகிரிக்கு மேல் தள்ளியிருந்தால் மாற்றிவிடுங்கள். திறந்ததும் உணவின் நடுவில் குத்திப் பாருங்கள். 65க்கு மேலிருந்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம். 60க்கும் 65க்கும் நடுவில் இருந்தால் உடனே கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். 60க்குக் கீழே எப்போது இறங்கியது என்று தெரியாவிட்டால் கொட்டிவிடுவதுதான் சரி. எரிபொருளை மிச்சம் பிடித்து உணவைக் கொட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும் என்பது உண்மைதான். அதைத் தவிர்க்கும் வழி நேரத்தைச் சரியாகக் குறிப்பது, சந்தேகத்தோடு சாப்பிடுவதல்ல.

நடுவில் திறந்து எட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஆவியோடு சில டிகிரி போய்விடும். திறந்தே ஆக வேண்டியிருந்தால், மறுபடி ஒரு கொதி ஏற்றிவிட்டு வையுங்கள். மீந்த உணவைக் குக்கரிலேயே விட்டுவைப்பதும் கூடாது. சூட்டைப் பிடித்து வைப்பதே அதன் தொழில் என்பதால், பாக்டீரியாவுக்குப் பிடித்தமான 30 முதல் 50 டிகிரிக்குள் பல மணி நேரம் நின்றுவிடும். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத அகலப் பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும்.

சுவை எப்படி?

சூப், கஞ்சி, இறைச்சிச் சாறு எல்லாம் அருமை. நீர் குதிக்காததால் சாறு தெளிவாக இருக்கிறது, இறைச்சி நார்நாராகப் பிரியாமல் மெத்தென்று வேகிறது, அடிப்பிடிப்பு என்ற பேச்சே இல்லை. இறைச்சியை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெத்தென்ற ஜெலட்டினாக மாற 80 டிகிரியைச் சுற்றிய நீண்ட நேரம்தான் தேவை. அது இங்கே தானாகவே கிடைக்கிறது.

பச்சைக் காய்கறிக்கு இது லாயக்கில்லை. காயிலிருந்து வரும் அமிலம் மூடிக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால் பச்சையம் மங்கி, பீன்ஸும் கீரையும் பாசிப் பழுப்பாகிவிடும். அவற்றைக் கடைசியில் தனியாக 2 நிமிடம் வதக்கிச் சேர்ப்பதே வழி. குழம்பு நீர்க்க இருக்கும். வற்ற வேண்டுமென்றால் பரிமாறும் முன் மூடி திறந்து 5 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பொன்னிறமாகச் சிவக்கும் வாசனை 140 டிகிரிக்கு மேல்தான் உருவாகும் என்பதால், வெங்காயத்தையும் இறைச்சியையும் முதலில் உள்பானையிலேயே வதக்கிக்கொள்ளுங்கள். பானையின் அடி மெல்லிசாக இருந்தால் அங்கேதான் சிக்கல்.

தயிர் தோய்க்க இதைப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. காய்ச்சி 43 டிகிரிக்கு ஆறவைத்த பாலில் உறை ஊற்றி உள்பானையை மூடி வைத்தால், குளிர்ந்த அறையிலும் 6 மணி நேரத்தில் கட்டியாகத் தோய்ந்திருக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

உள்பானையின் அடியைத் தட்டிப் பாருங்கள். நடுவே அலுமினியம் வைத்த மூவடுக்கு அடி கனத்த சத்தம் தரும். ஒற்றைத் தகடு கணகணக்கும். காந்தம் ஒட்டினால் இண்டக்ஷனுக்கு ஆகும். உடம்பு 304 வகை ஸ்டீலாக இருந்தால் பக்கவாட்டில் ஒட்டாது, அது குறையில்லை. அடியில் ஒட்டினால் போதும்.

மூடிதான் பலவீனமான இடம். கூட்டுச் சுவரில் வெற்றிடம் இருக்கும். மூடியில் பெரும்பாலும் நுரை அடைத்த பிளாஸ்டிக்தான். சூட்டில் கணிசமான பங்கு அது வழியாகத்தான் போகிறது. வாங்கும்போது மூடி எவ்வளவு தடிமன், விளிம்பில் இடைவெளியில்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். வீட்டில் மூடியின் மேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டால் அந்தக் குறை ஓரளவு தீரும். கொள்ளளவு விளிம்புவரையா, உபயோகிக்கக்கூடிய அளவா என்று கேளுங்கள். 4.5 என்று எழுதியிருப்பதில் பொங்காமல் கொதிக்கவைக்க முடிவது 3.5தான் இருக்கும்.

வெற்றிடமா நுரையா என்பது பெட்டியில் தெளிவாக எழுதியிருக்காது. ‘இரட்டைச் சுவர்’ என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே வெறும் காற்றாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டது 2, 3 மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

உப்பைக் குளிர்ந்த நீரில் போட்டு அடியில் தங்கவிட்டால் ஸ்டீலில் ஊசிமுனைக் குழிகள் விழும். கொதித்த நீரில் போட்டுக் கலக்குங்கள். வெளிக்கூட்டை அடுப்பில் வைப்பதோ நீரில் முக்குவதோ கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். பிளீச்சிங் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது. வெள்ளைப் படலத்துக்கு வினிகரும் வெந்நீரும்.

வாங்காமலே செய்ய

முதலில் வீட்டில் இருப்பதை வைத்துப் பழகிப் பார்த்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். கனமான அடியும் இறுக்கமான மூடியும் உள்ள பானை, ஒரு பெட்டி, பானையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கம்பளியோ பருத்தித் துணியோ. அடியிலும் அதே தடிமன் வேண்டும். பலர் மறப்பது அங்கேதான். பெட்டி தெர்மோகோல் என்றால், கொதிக்கும் பானை நேராகப் பட்டால் அது உருகும், நடுவே மடித்த துணி அவசியம். தென்னாப்பிரிக்காவில் 2008இல் தொடங்கிய வொண்டர்பேக் இதே முறையைத் தைத்த பையாக விற்கிறது. வெற்றிடக் கூட்டைவிடச் சூடு சீக்கிரம் இறங்கும், எனவே 3 மணி நேரத்துக்குள் முடிகிற சமையலுக்கு மட்டும். சாதமும் உடைத்த பருப்பும் இதிலேயே தாராளமாக வேகும்.

இதில் மாதக்கணக்கில் பழகிய பிறகும் தேவை இருந்தால், பழைய தெர்மல் குக்கரைத் தேடுங்கள். நகரும் பாகம் எதுவும் இல்லாததால் பழையதற்கும் புதியதற்கும் வேலையில் வித்தியாசமில்லை, வெற்றிடம் உடையாதவரை. வாங்கும் முன் கூட்டில் நேரடியாகக் கொதிநீர் ஊற்றி மூடி, அரை மணி நேரம் கழித்து வெளிச்சுவரைச் சுற்றிலும் கையால் தடவுங்கள். எங்கும் சூடு தெரியக் கூடாது. ஒரே இடத்தில் மட்டும் வெதுவெதுப்பு என்றால், அங்கே அடிபட்டு உள்சுவரும் வெளிச்சுவரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுவர் முழுக்க வெதுவெதுப்பு என்றால் காற்று புகுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய முடியாது, வாங்காதீர்கள். மூடி மட்டும் விரிசல் விட்டிருந்தால், அதே மாடலுக்கு மாற்று மூடி கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசலாம்.